சிங்கம் நின்ற தூரம்

கென்யாவின் மசாய் மாரா காட்டில் ஒரு சிங்கம் எங்கள் ஜீப்பை உரசிக்கொண்டு போன எட்டு நிமிடங்களை முழுசாக வீடியோ எடுத்தேன். எட்டு நிமிடமும் என் முகம்தான் பதிவாகியிருந்தது.

குற்றம் என்னுடையதுதான். அதற்குச் சற்று முன்பு ஒட்டகச்சிவிங்கியைப் பின்னால் வைத்து என்னையும் மனைவியையும் செல்ஃபி எடுத்தேன். பிறகு கேமராவைத் திருப்ப மறந்துவிட்டேன். சிங்கம் வந்ததும் போனைத் தூக்கிப் பிடித்தேனே தவிர, திரையைப் பார்க்கவில்லை. எதிரே சிங்கம் நிற்கையில் போனை எவன் பார்ப்பான்?

நைரோபி விமான நிலையத்தில்தான் விஷயம் தெரிந்தது. மனைவி ஸ்டெல்லாமேரியிடம் காட்டினேன்.

"இன்னாங்க இது, வாய இப்பிடித் தொறந்து வச்சிருக்கீங்க? ஈ பூந்திருக்கும்."

"சிங்கம் இல்லடி இதுல!"

"அதான் கண்ணால பாத்தமே."

அவள் அந்தக் காலை முழுக்கப் போனையே வெளியே எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் போனப் புடிச்சிக்கிட்டு நின்னா சிங்கத்த யாரு பாக்கறது?" என்று பைக்குள் போட்டுவிட்டாள்.

அவளுக்குப் பார்த்தது போதும். எனக்குச் சாட்சி வேண்டும். காரணம், அவளுடைய அண்ணன் விக்டர்.

விக்டர் மச்சான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஒவ்வொரு வருஷமும் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி மெடல்களைக் குத்திக்கொண்டு, மற்ற பழைய சிப்பாய்களோடு, எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தாக்களோடு, அணிவகுத்துவிட்டு வருவார். மத்தியானம் அவர் வீட்டில் குடும்பத்துக்கே விருந்து. கோழி மேசைக்கு வருவதற்கு முன் சிங்கம் வந்துவிடும். ஆப்பிரிக்காவில், ஜிபூட்டியில் அவர் காவல் நின்றபோது நேருக்கு நேர் வந்த சிங்கம்.

அதைச் சொல்வதற்கென்றே ஒரு முகம் வைத்திருந்தார். தாடை தூக்கியிருக்கும், கண் இடுங்கியிருக்கும், இடது புருவம் மட்டும் தனியாக மேலே போகும். "நான் அதப் பாத்தேன். அது என்னப் பாத்துச்சு. அதுதான் திரும்பிப் போச்சு."

"எவ்ளோ தூரத்துல மச்சான்?" என்று கல்யாணமான வருஷம் கேட்டேன். இருபத்தெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வருஷம் "கிட்டதான்" என்பார். மறு வருஷம் "அதெல்லாம் ராணுவ ரகசியம் மாப்ள" என்பார். கதை முடிந்ததும் கோழிக்கால், சிங்கத்தை விரட்டியவர் தட்டுக்குப் போகும். கழுத்து, மின்துறை அலுவலகத்தில் கோப்பு தூக்கிய என் தட்டுக்கு.

இந்த வருஷம் அந்தக் கால் எனக்கு வர வேண்டும். அதற்காகத்தான் ரிட்டையரான கையோடு ஆப்பிரிக்கா போனேன். ஸ்டெல்லாவிடம் கல்யாண நாள் கொண்டாட்டம் என்று சொல்லியிருந்தேன்.

இதில் இன்னொரு முட்டாள்தனமும் உண்டு. வீடியோவைப் பார்க்கும் முன்பே குடும்ப வாட்ஸப்பில், "சிங்கம் ரெடி. ஜூலை 14 ரிலீஸ்" என்று போட்டிருந்தேன். மச்சான் ஒற்றைக் கட்டைவிரல் அனுப்பியிருந்தார். அந்த விரல் என்னைத் தூங்கவிடவில்லை.

ஊர் திரும்பியதும் உழவர்கரையில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்யும் பிரேம்குமாரிடம் போனேன்.

"பிரேம், என் படத்துக்குப் பக்கத்துல ஒரு சிங்கம் வைக்கணும். சின்னதா ஒரு போட்டோ. ஜூலை பதினாலு விக்டர் மச்சான் வீட்டு விருந்துல காட்டணும். வெளிய தெரியக் கூடாது."

அவன் கம்ப்யூட்டரில் ஒன்றைத் திறந்தான். தீப்பொறிக்கு நடுவே வாயைப் பிளந்து கர்ஜிக்கும் சிங்கம்.

"இது வேணாம்யா. அது கத்தவே இல்ல."

"கத்தாத சிங்கமாண்ணே?"

சொல்ல ஆரம்பித்தேன். முதலில் புல்தான் எழுந்து நிற்கிறது என்று நினைத்தேன், நிறம் அப்படி. நடக்கையில் தோள் எலும்பு தோலுக்கடியில் ஏறி இறங்கியது, சத்தமே இல்லை. பிடரியில் பனித்துளி ஒட்டியிருந்தது. மூக்கின் மேல் ஆறிப்போன பழைய கீறல். ஜீப் நிழலில் நின்று நிமிர்ந்து என்னைப் பார்த்தது. தேன் நிறக் கண். அறுபது வருஷத்தில் என்னை அவ்வளவு முழுசாக யாரும் பார்த்ததில்லை. பார்த்து முடித்ததும் இவனிடம் ஒன்றுமில்லை என்று சரியாகக் கண்டுபிடித்து, ஒரு கொட்டாவி விட்டது. எனக்கு அவமானமாகவே இல்லை பிரேம், கும்பிடத்தான் தோன்றியது.

பிரேம்குமார் தீப்பொறிச் சிங்கத்தை மூடினான்.

"கேக்கவே ஒரு மாதிரி இருக்குண்ணே. ஆனா கொட்டாவி விடற சிங்கம் எடுபடாதுண்ணே. நீங்க வூட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டான். ஜூலை பதினாலு காலை, விக்டர் மச்சான் தெருமுனையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பத்தடி பேனர். வாயைப் பிளந்தபடி நான். என் தோளில் கை போட்டாற்போல் ஒரு புலி. கீழே: "ஆப்பிரிக்கச் சிங்கத்தை அலறவிட்டு ஊர் திரும்பிய எங்கள் அண்ணன் அருளானந்தம்!"

போன் போட்டேன். "யோவ், பேனர் யாருய்யா கேட்டா?"

"ஃப்ரீண்ணே. நம்ம அன்பு."

"புலிய்யா அது!"

"எங்கிட்ட இருக்கற சிங்கம் எல்லாம் கட்சிக்காரங்களுதுண்ணே, வம்பாயிடும். ரெண்டும் ஒரே ஜாதிதானண்ணே, கோடு மட்டும்தான் எக்ஸ்ட்ரா."

நானே கழற்றிவிடுவது என்று கம்பத்தடியில் ஸ்டூல் போட்டு ஏறினேன். ஒரு மூலைக் கயிற்றை அறுத்ததும் பேனர் மடிந்து தொங்கியது. இப்போது படத்தில் என் தலை புலியின் வாய்க்குள் இருந்தது. உடம்பு மட்டும் வெளியே.

"இன்னா மாப்ள," என்று கீழே குரல். மெடல்கள் மின்ன மச்சான் நின்றிருந்தார். பக்கத்தில் ஸ்டெல்லா தலையில் கை வைத்திருந்தாள். "ஆப்பிரிக்காவுல புலி ஏது?"

"அது பிரேம்குமார் போட்டது மச்சான்."

"அப்ப உன் சிங்கம்?"

"போன்ல இருக்கு" என்றேன். பொய்தான்.

மேசையில் உட்கார்ந்ததும் மச்சானின் மகள் ஜூலி என் பையிலிருந்த போனை உருவினாள். "குடுங்க மாமா, டிவில போடறேன்." நான் எழுந்திருப்பதற்குள் போட்டுவிட்டாள்.

நாற்பத்து மூன்று அங்குலத்துக்கு என் முகம். கண்கள் விரிந்து, வாய் மெல்லத் திறந்து, தாடை நடுங்கி, ஒரு சொட்டுக் கண்ணீர் மீசையில் இறங்கியது. "ஐயோ... ஸ்டெல்லா... எம்மாடி..." என்று கோயிலில் பேசுகிற குரல். என் மூக்குக்கண்ணாடியிலாவது சிங்கம் தெரிகிறதா என்று தேடினேன். ஆப்பிரிக்க வானம்தான் தெரிந்தது.

வீடே சிரித்தது. ஜூலிக்குப் புரையேறியது. "மாமா, சிங்கம் எப்ப வரும்?"

"வந்துட்டுப் போயிடுச்சிம்மா" என்றேன்.

ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. "கிண்டல் பண்ணாதீங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். இவரு பாத்தாரு" என்றாள்.

மச்சானும் சிரிக்கவில்லை. "சும்மா இருங்க எல்லாரும்" என்று நாற்காலியை டிவிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். எட்டு நிமிடமும் பார்த்தார். முடிந்ததும், "ஜூலி, இன்னொரு வாட்டி போடு" என்றார்.

இரண்டாவது முறை ஓடும்போது கவனித்தேன்: அவர் தாடை மெல்ல இறங்கியது, இடுங்கிய கண் திறந்தது, இடது புருவம் இறங்கி வலது புருவத்தோடு சமமாக நின்றது.

கோழி வந்தது. இந்த வருஷம் அவர் கதையை ஆரம்பிக்கவில்லை. காலை எடுத்தார், பார்த்தார், என் தட்டில் வைத்தார்.

"மச்சான், இது உங்களுது."

"சாப்புடு." குனிந்து என் காதுக்கு மட்டும் பேசினார். "சிங்கத்தப் பாத்தா மூஞ்சி இப்பிடித்தான் ஆவுமா மாப்ள?"

"எனக்கு இப்பிடித்தான் ஆச்சு. உங்களுக்குத் தெரியாததா? அது இருக்கட்டும், இன்னைக்காவது சொல்லுங்க. உங்க சிங்கம் எவ்ளோ தூரத்துல நின்னுச்சு?"

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கை எட்டுற தூரம்தான் மாப்ள. நான் ரெஜிமென்ட் குசினியில வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன், அது கடுகு டப்பா மேல படமா ஒட்டியிருந்துச்சு."