பெட்டியில் இரைச்சல் இல்லை என்பது குறித்து மச்சானுக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நான் நலம். உன் அக்கா அங்கே வந்து பன்னிரண்டு நாள் ஆகிறபடியால், நீங்கள் எல்லோரும் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு என்னைவிட நலமாகவே இருப்பீர்கள். அவளை ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். போனில் என் குரல் கேட்டதுமே அவள் வைத்துவிடுகிறாள். நீ ஆடியோ கம்பெனியில் வேலை பார்ப்பவன், யார் பக்கம் நியாயம் என்று உனக்குப் புரியும்.

நீ தனித்தனிப் பாகமாக அனுப்பிய பாட்டுப் பெட்டியை நானே இணைத்துப் பூட்டினேன். கூட வைத்திருந்த காகிதத்தை ஆறு தடவை படித்தேன். பாட்டு என்பது வரிசையாக வரும் எண்கள். அதை மின்சாரமாக மாற்றுகிற அந்தச் சின்னச் சில்லுக்கோ மேலே, கீழே என்று இரண்டே படிதான் தெரியும். நடுவில் ஓர் எண் வந்தால் ஏதாவது ஒரு பக்கம் தள்ளியாக வேண்டும், தள்ளும்போதெல்லாம் ஒரு பிசகு விழும், அதுதான் இரைச்சல். கெட்டிக்காரச் சில்லு அந்தப் பிசகை மறக்காமல் வைத்திருந்து அடுத்த எண்ணில் கழிக்கும், அதிலும் மிஞ்சினால் அதற்கடுத்ததில் கழிக்கும். நொடிக்கு லட்சக்கணக்கான தடவை இப்படிச் செய்தால் இரைச்சல் ஒழியாது, சொல்லப்போனால் மொத்தத்தில் கூடவே செய்யும், ஆனால் மனிதக் காதுக்கு எட்டாத உச்ச சுருதிக்கு ஏறிப் போய்விடும். இதெல்லாம் எனக்குப் புதிதா? நாற்பது வருஷம் டைல்ஸ் போட்ட மேஸ்திரி நான். எந்த அறையும் சரியான சதுரம் கிடையாது. கோணலை ஒவ்வொரு கல்லாகச் சரிக்கட்டிக்கொண்டே போய், மிச்சத்தையெல்லாம் பீரோவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். இதுவரை பீரோவை நகர்த்திப் பார்த்த வீட்டுக்காரர் ஒருவரும் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் உன் காகிதத்தை மீறினேன். சில்லை வழக்கத்தைவிட அறுபத்துநாலு மடங்கு வேகத்தில் வைக்கச் சொல்லியிருந்தாய், வேகம் கூடக்கூட இரைச்சல் இன்னும் உயரே ஏறுமாம். வைத்தால் சில்லு விரல் படமுடியாத சூடு. சுவிட்சை முப்பத்திரண்டு, பதினாறு, எட்டு, நான்கு என்று இறக்கி, ஒவ்வொன்றிலும் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். எதிலும் துளி இரைச்சல் இல்லை. இல்லாத இரைச்சலை விரட்ட எதற்கு அவ்வளவு ஓட்டம்? நான்கு மடங்கிலேயே வைத்து, யாரும் கை வைக்காதபடி சுவிட்சின் மேல் பசை ஊற்றி ஒட்டிவிட்டேன்.

அன்று காலையே உன் அக்கா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏங்க, அது என்ன சீய்ன்னு கத்துது? காதுக்குள்ள ஊசி விடுற மாதிரி இருக்கு."

"ஒண்ணும் கத்தலையே."

"பாட்டோட சேர்ந்து கத்துதுங்க. தலை வலிக்குது."

"உனக்குப் பிரமை."

மூன்று நாள் இதே பேச்சு. இதற்குள் கீழ்வீட்டு டியூஷன் டீச்சர் படியேறி வந்து, "பசங்க எல்லாம் காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க, பாடமே நடத்த முடியலை" என்றார். உன் அக்காவுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறார் என்று கண்டுகொண்டு வாசலோடு அனுப்பிவிட்டேன். குழாய் மாற்ற வந்த பிளம்பர், "கேஸ் ஏதும் லீக் ஆகுதா மேஸ்திரி?" என்று அடுப்பைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தார். அவரையும் உன் அக்காதான் சொல்லிக்கொடுத்துத் தயார் செய்திருக்கிறாள். நான்காம் நாள், "பெட்டியா, நானா? நீங்களே சொல்லுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அறிவியலை விட்டுக்கொடுக்க முடியாது என்றேன். அவள் துணிமணியை எடுத்துவைக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

இதையெல்லாம் அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல். தவறை ஒப்புக்கொண்டால் நான் பெரிதுபடுத்த மாட்டேன். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல், பிள்ளைகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் தெளிவுள்ள உன் அத்தான்

பி.கு.: இந்தக் கடிதத்தோடு இணைக்கலாமே என்று, என் காது பழுதில்லை எனச் சான்றிதழ் வாங்கக் காது டாக்டரிடம் போனேன். ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். ஆரம்பத்தில் ஏழெட்டுத் தடவை அழுத்தினேன். பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. "மிச்சத்தையும் ஆரம்பிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "எல்லாம் முடிஞ்சிருச்சுங்க" என்றார். கல் வெட்டுகிற மெஷின் என் காதில் மேல்சுருதிச் சத்தம் முழுவதையும் தின்றுவிட்டதாம். நான்கு மடங்கில் இரைச்சல் என் காதைத் தாண்டியதே தவிர, மற்றவர்கள் காதைத் தாண்டவில்லை. "வீட்டுல பேசுறது தெளிவா கேக்குதா?" என்றார். "என் சம்சாரம் ரெண்டு வருஷமா முணுமுணுன்னுதான் பேசுறா டாக்டர்" என்றேன். அவர் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பிவைத்தார், முணுமுணுப்பு அவள் வாயில் இல்லை, என் காதில்தான் என்று புரிந்து எனக்கு மிகவும் வெட்கமாகப் போய்விட்டது.

மேலே எழுதியதில் ஆசிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடு. அவளை அனுப்ப வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் நானே வருகிறேன். இந்த இரண்டு வருஷமாகச் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து, என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிதானமாகச் சொல்லச் சொல். திட்டியதையும் விட்டுவிட வேண்டாம்.