அடி அண்ணாமலைக் கம்பமும் பச்சைப் புடவையும்

"சார், இன்னும் நல்லா கையை ஆட்டுங்க. நீங்க தெரியவே இல்ல."

போனில் தென்றல். மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறையில் பெரிய டிவிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். உதவிப் பொறியாளர் இனியன் அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில், கண்காணிப்புக் கேமராவுக்கான புது ஸ்மார்ட் கம்பத்தின் கீழே நின்று இரண்டு கைகளையும் ஆட்டினான். மறுநாள் அமைச்சர் வந்து திறந்து வைக்கிறார். சொதப்பினால் சஸ்பெண்ட் என்று கமிஷனர் சொல்லியாகிவிட்டது.

"பாதையாவது தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது சார். சிவப்பும் மஞ்சளுமா நடைபாதைக் கல்லு. பச்சைப் புடவையில ஒரு அம்மா நிக்கறாங்க."

இனியன் சுற்றிப் பார்த்தான். சிவப்பும் மஞ்சளுமாய்க் கல் இருந்தது. அம்மா இல்லை.

"இங்க யாரும் இல்லம்மா."

"ஐயோ சார், கம்பத்துக்கிட்டயே வராங்க! உங்க மேலயே நடந்து போறாங்க!"

அவன் சட்டென்று இரண்டடி தள்ளி நின்றான்.

"மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"பண்ணிட்டேன். மறுபடியும் அதே எடத்துல வந்து நிக்கறாங்க சார். என்னையே பார்த்துச் சிரிக்கறாங்க."

கமிஷனருக்குப் போன் போட்டான்.

"சித்தருங்க கண்ணுக்குத் தெரியாம சுத்தற பாதைய்யா அது. பூசணிக்காய் உடைச்சிடு."

உடைத்தான். டீக்கடை தங்கம்மாள் விஷயத்தைக் கேட்டு ஓடிவந்து கற்பூரம் ஏற்றினாள். பொழுது சாய்வதற்குள் ஊரே திரண்டுவிட்டது. கம்பத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை, பட்டுத்துண்டு. விழுந்து கும்பிடுகிறவர்களைத் தாண்டி நகர முடியவில்லை.

"இப்பவாவது கூட்டம் தெரியுதா?"

"ஒரு ஈ காக்கா இல்ல சார். அந்தம்மா மட்டும்தான்." தென்றல் அழ ஆரம்பித்துவிட்டாள்.

இனியன் தன்னைக் கிள்ளிப் பார்த்தான். வலித்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

"அக்கா, நான் உங்க கண்ணுக்குத் தெரியறனா?"

தங்கம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தெரியறீங்க. ஆனா கொஞ்சம் கம்மியாத்தான்."

சஸ்பெண்ட் ஆவது பெரிய விஷயமில்லை, உயிரோடு இருக்கிறோமா என்பதுதான் இப்போது அவன் கவலை. அந்த நேரம் பார்த்து ஒப்பந்தக்காரரின் ஆள் அப்சல், தோளில் ஏணியும் கையில் அட்டைப்பெட்டியுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"கொஞ்சம் ஜனங்களை நகரச் சொல்லுங்க சார், கேமராவை இப்பதான் மாட்டணும். டிவியில ஓடறது வேற ஊர்ல எடுத்த சாம்பிள் படம். எல்லா ஊருக்கும் ஒரே கல்லுதானே போடறோம், அந்தப் படத்தைப் பார்த்துதானே உங்க ஆபீஸே இதுக்கு ஓகே சொல்லுச்சு?"