பள்ளிக்கூடத்துத் தாய்மாமன்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓர் இனம் வாழ்கிறது. அதற்குப் பள்ளிக்கூடத்துத் தாய்மாமன் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆண்டில் பதினொரு மாதம் நம்மைப் போலத்தான் திரியும். ஆனி பிறந்து, அரசுப் பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோகிற நாள் நெருங்கிவிட்டால் வெள்ளை வேட்டி கட்டும், தோளில் துண்டு ஏறும், மீசை முறுக்கிக்கொள்ளும், மைக்கைக் கண்டால் கை தானாக நீளும்.

கல்விச் சீர் தெரியும்தானே? அக்காள் மகளுக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுபோவதில்லையா? அதேபோல ஊரே கூடி, மேளம் முழங்க, பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய சாமான்களைச் சீராகக் கொண்டுபோவது. அருமையான பழக்கம். குறையெல்லாம் மாமனிடம்தான்.

அவனியாபுரம் தாண்டி உள்ளே வந்தால் எங்கள் ஊர். இங்கே மாமன் பதவி காசிமாயனுடையது. எந்தத் தட்டு முன்னால் போக வேண்டும், வாழைப்பழத்தை யார் தூக்க வேண்டும், போட்டோவில் யார் யாருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. "தட்டைக் கொஞ்சம் சாச்சுப் பிடிங்கப்பா, உள்ள இருக்குறது போட்டோவுல விழணும்ல" என்பார். "அரசுப் பள்ளிக்கூடம் நம்ம உசுரு" என்பார். சொல்லும்போது கண் கலங்கும். பொய்க் கலக்கம் இல்லை, நிஜமாகவே கலங்கும்.

அவருடைய ஒரே மகள் அஸ்வினி இரண்டாம் வகுப்பு. காலை ஏழு நாற்பதுக்கு மஞ்சள் வேனில் ஏறி, பசுமலைப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்குப் போகிறாள். ஏன் என்று கேட்டால், "அது வேறண்ணே. வீட்டுல பிரியப்படுறாக" என்பார்.

இந்த வருஷம் சீரில் ஒரு பீரோவும் இருந்தது. ஏற்ற டிராக்டர் கிடைக்கவில்லை. மாமன் அசருவாரா? வேன் டிரைவருக்குப் போன் போட்டார். "முத்திருளா, பிள்ளைகள அங்க எறக்கிவிட்டுட்டு வண்டிய நேரா இங்கிட்டுக் கொண்டா." தனியார் பள்ளி வேன் பீரோவைச் சுமந்துகொண்டு மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்தது. 'நம் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்ப்போம்' என்ற பேனரை அதன் நெற்றியிலேயே கட்டியிருந்தார்கள். ஒருவருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

சீரை வாங்கிக்கொண்ட தலைமையாசிரியை பாகீரதி டீச்சர் மைக்கைப் பிடித்தார். "பீரோ வந்திருச்சு, நாற்காலி வந்திருச்சு, ரொம்பச் சந்தோசம். ஆனா பிள்ளைக அறுபது பேர்தான். அறுபத்தொண்ணு இருந்தாத்தான் மூணு டீச்சர். இந்த மாசக் கடைசிக்குள்ள இன்னொரு பிள்ளை சேரலைன்னா நம்ம கனகா டீச்சர வேற ஊருக்கு அனுப்பிருவாங்க."

ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் எழுத்தறிவிக்கிற கனகா டீச்சர், ஒரு பொடிசின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். கூட்டம் மொத்தமும் தரையைப் பார்த்தது.

காசிமாயன் மட்டும் மைக்கைப் பார்த்தார். "ஒரு பிள்ளைதான டீச்சர்? இம்புட்டுத்தானா? இப்பவே கமிட்டி போடுறோம்."

போட்டார்கள். ஒன்பது பேர் கொண்ட பிள்ளை தேடும் கமிட்டி. மேளத்தோடு தெருத் தெருவாக நடந்தார்கள். மூன்று வயசுப் பிள்ளை ஒன்று அகப்பட்டது, பால் டம்ளரோடு. பதினாலு வயசுப் பையன் ஒருவன் அகப்பட்டான், அவனுக்கே மீசை அரும்பியிருந்தது. புதிதாகக் கல்யாணமான வீட்டுக்குள் நுழைந்து, சீக்கிரம் நல்ல சேதி சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தார்கள். மாதக் கடைசிக்குள் நடக்கிற காரியமா அது?

டீக்கடையில் முத்திருளன் மெதுவாகக் கேட்டான். "ஏண்ணே, ஊருல பிள்ளையே இல்லைங்குறீக. என் வண்டியில தெனமும் பதினேழு ஏறுதே, அதெல்லாம் யாரு பிள்ளைக?"

"அது வேறப்பா" என்றார்கள் ஒன்பது பேரும்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கமிட்டி காசிமாயன் வீட்டில் கூடியது. அவர் மனைவி தமிழ்ச்செல்வி டீயை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றார்.

"அம்புட்டு வீட்டுக்கும் போனீகளே, நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் வரலை?"

"நீதான தாயி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிரியப்பட்ட?" என்றார் கமிட்டியில் ஒருவர்.

"நானா?" தமிழ்ச்செல்வி புருஷன் பக்கம் திரும்பினார். "என்னைய எப்பக் கேட்டீக?"

ஒன்பது டம்ளரும் அந்தரத்தில் நின்றன. மாமனின் கை தானாக நீண்டு, இல்லாத மைக்கைத் தேடியது.

மறுநாள் ஏழு நாற்பதுக்கு முத்திருளன் அந்த வாசலில் மூன்று தடவை ஹாரன் அடித்தான். ஆள் வரவில்லை. ஒன்பது மணிக்கு, ஒரே ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்துக்கொண்டு, அஸ்வினியையும் கையில் பிடித்துக்கொண்டு தமிழ்ச்செல்வி பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். மேளம் இல்லை, போட்டோ இல்லை. பிள்ளையின் பெயரை எழுதும்போது கனகா டீச்சர் இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

காசிமாயன் மத்தியானமே பிளெக்ஸ் கடைக்குப் போனார். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்: 'பெற்ற மகளையே சீராகத் தந்த மாமனே வருக.' படத்தில் அவர் மட்டும்தான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும், பிள்ளை சேர்ந்தாயிற்று, டீச்சர் ஊரிலேயே இருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் ஊர்ச் சீர் போட்டோவை எடுத்து முன்வரிசையை ஒருதரம் பாருங்கள். எங்கள் ஊர்ப் போட்டோவில் சுவர்க் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பது நான்தான். கமிட்டியிலும் இருந்தேன். முத்திருளன் வண்டியில் இப்போது பதினாறு பிள்ளைகள். அதில் ஒன்று என்னுடையது. ஏன் என்று கேட்காதீர்கள், அது வேறு.

உங்கள் வீட்டு விஷயமும் வேறுதானே?