கொழுந்துத் தலையணை

டயகம,
ஞாயிறு.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை லோஜன் அவர்களுக்கு, மாமனார் பொன்னையா எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். கொத்மலையில் நீங்களும் மகள் சர்மிளாவும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நிற்க. நீண்ட ஆலோசனைக்குப் பின், என் தலையணையை மாற்றுவது என்று தீர்மானித்தேன்.

தேயிலைத் தூள் செய்யும் ஸ்டோரில் இரவு வேலை பார்த்த உடம்பு. ஓய்வு பெற்றும் தூக்கம் வருவதில்லை. நான் புரள்வதால் அத்தைக்கும் தூக்கமில்லை. இப்படியே போனால் கொத்மலைக்கு வந்து உங்களோடு தங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டாள். ஆகவே, உங்கள் நலனையும் கருதியே செயலில் இறங்கினேன்.

இயற்கைப் பொருள் அடைத்த தலையணையில் தூக்கம் அள்ளிக்கொண்டு போகும் என்று போனில் பார்த்த வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் நம் தேயிலைச் செடிகள் இருக்கின்றனவே! கொழுந்து பறித்து, ஸ்டோரில் போலவே பதமாக வாட்டி, உறையில் அடைத்துத் தைத்தேன்.

"ஊரே பஞ்சு வச்சுப் படுக்குது. இந்த மனுசனுக்கு மட்டும் கொழுந்து கேக்குதாம்!" என்றாள் அத்தை.

படுத்தேன். வாட்டிய கொழுந்தை உருட்டி நசுக்கினால் புளிக்கத் தொடங்கும் என்பதை, ஆயுள் முழுக்க அதே வேலை செய்த நான் மறந்துபோனேன். ஸ்டோரில் மெஷின் செய்யும் வேலையை இங்கே என் தலை செய்தது. இடப்பக்கம் புரண்டால் நசுங்கியது, வலப்பக்கம் புரண்டால் சூடேறியது, சூடேறினால் கிளறவேண்டுமே என்று பழக்கத்தில் எழுந்து தையலைப் பிரித்துக் கிளறினேன், மறுபடி தைத்தேன், மறுபடி படுத்தேன், விடியும்போது கொழுந்து செம்பு நிறத்தில் கமகமவென்று பதமாகியிருந்தது, நான் கண்ணை மூடவேயில்லை. அத்தை தலையணையைப் பிடுங்கி, வீணாக்க மனமில்லாமல் சட்டியில் கொட்டி வறுத்தாள்.

அன்று பார்த்து உங்கள் அம்மா வந்தார்கள். வீட்டில் வேறு தூள் இல்லை. அதிலேயே ஊற்றிய பிளேன்டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "எந்தத் தோட்டத்துத் தூளுங்க சம்பந்தி? இப்படி ஒரு வாசம் எங்கயும் இல்லைங்களே!" என்றார்கள். அது என் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசம். நான் வாய் திறக்குமுன் அத்தை, "இவரு ராத்திரி பூரா கஷ்டப்பட்டுச் செஞ்சதுங்க" என்று, மிச்சத்தையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

இது உங்கள் அம்மா காதுக்குப் போகவேண்டாம். எனக்குத் தூக்கம்தான் முக்கியம். நல்ல இலவம் பஞ்சு வாங்கி உடனே அனுப்பிவையுங்கள்.

நீங்கள் இருவரும் படுத்தவுடன் தூங்கும் பாக்கியம் பெற்று நெடுநாள் வாழ்க.

அன்புடன்,
பொன்னையா

பி.கு.: இதை மடிக்கும்போது உங்கள் அம்மா போன் செய்தார்கள். தூள் முடிந்துவிட்டதாம், உங்கள் அக்கா வீட்டுக்கும் வேண்டுமாம். அத்தை சரியென்று சொல்லிவிட்டாள். கொத்மலைக்கு வரும் எண்ணத்தையும் விட்டுவிட்டாள். பஞ்சு வேண்டாம். தலையணை உறை இரண்டு அனுப்பவும்.