கரண்டு மேஸ்திரி நட்ட கம்பம்

கரண்டு வருவதற்கு முன்பே கரண்டுக் கம்பம் நட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். கொத்தனார் வேலை செய்தவர். பொம்மனஹள்ளியில் அவருக்குக் கரண்டு மேஸ்திரி என்றே பெயர்.

அப்போது பெங்களூர் எங்களுக்கு வானத்தின் ஓரத்தில் தெரியும் வெளிச்சம் மட்டும்தான். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, நாலைந்து ஊர் சுற்றி, அவரிடம் கலவை குழைத்துக்கொண்டிருந்தேன். கூலி வந்தால் களி, வராவிட்டால் தண்ணீர்.

ஒரு நாள் மேஸ்திரி தெருமுனையில் சவுக்குக் கட்டை ஒன்றை நட்டார். "கம்பம் இருக்கிற ஊருக்குத்தான் மொதல்ல கம்பி இழுப்பான். நீ வேணா பாரு" என்றார். சிட்டியில் கம்பங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்திருந்ததைப் பார்த்திருக்கிறார். கறுப்புக்குத் தார் வேண்டும். எங்களிடம் இருந்தது சுண்ணாம்பும் காவியும்தான். அதையே அடித்தோம்.

மறுவாரம் கம்பத்தடியில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. கோயில் சுவரில் அடிக்கிற பட்டையைக் கட்டையில் கண்டால் ஜனங்கள் வேறென்ன செய்வார்கள்? அது சாமியில்லை, ஓசூரிலிருந்து மாட்டுவண்டியில் வந்த சவுக்கு என்று மேஸ்திரி வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார். சாமி வண்டியில் வரக்கூடாதா என்று கேட்டார்கள். எதிர்வீட்டு முனியம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியதற்காகக் கோழியே அறுத்துவிட்டாள்.

மறுவருஷம் நிஜமாகவே கரண்டு ஆபீஸ் ஓவர்சியர் வந்தார். எங்கள் தெருவுக்குள் கம்பி திரும்ப அந்த ஒரு இடம்தான் தோது. கன்னடக்காரர், கட்டையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"பேடப்பா, வேணாம், சாமி மேல நான் கை வெக்கமாட்டேன். நீங்களே எடுத்துக் குடுத்தா தெருவுக்கு லைட்டு. இல்லேன்னா கம்பி ரோட்டோட போயிடும்."

மேஸ்திரி கோடாலியோடு போனார். முனியம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"நான் நட்ட கட்டைம்மா இது."

"நட்டது நீதாண்ணா, யாரு இல்லேன்னா? சாமி அப்புறமா வந்து குந்திக்கிச்சு. அதுக்கு நான் என்னா பண்றது?"

மேஸ்திரி பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, கம்பியை ரோட்டோடு கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

ரோட்டுக் கடைகளெல்லாம் பளிச்சென்று ஆயின. கரண்டு மேஸ்திரியின் தெருவில் சிம்னி விளக்குதான்.

பிறகு நான் பம்பாய் வரை போனேன். லைட்டு எரிந்த வாசல்கள் பலவற்றில் என்னை விரட்டியிருக்கிறார்கள். இருட்டில் என் காலடிச் சத்தத்தைக் கேட்டே, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.