தேயிலைக்கு வந்த இத்தாலி வாசம்

அன்னைக்குக் காலையில எனக்கு இருந்தது ரெண்டே வேலைதான். ஷேவ் பண்ணணும். அப்புறம் பேக்டரிக்குப் போய், டீத்தூள் வாங்க வர்றவருக்கு கப் போட்டுக் காட்டணும்.

முதல் வேலையிலயே ரெண்டாவது வேலையைக் கெடுத்துட்டேன். அது எனக்குப் பேக்டரி கேட்டுல நின்னப்புறம்தான் தெரிஞ்சுது.

நம்ம பேஜ்ல ஒரு தம்பி கேட்டிருந்தாரு, "அண்ணே, இந்த இத்தாலி ஷேவிங் கிரீம் எல்லாம் குடுக்கற காசுக்குத் தகுமா?"ன்னு. அவருக்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் சுத்தி வளைச்சு வரும், பொறுத்துக்குங்க.

நான் அப்ப குன்னூர் பக்கத்துல ஒரு சின்னப் பேக்டரியில டீ மேக்கர். டீ மேக்கர்னா டீ ஆத்தறவன்னு நினைச்சுக்காதீங்க. எங்க மாமனார் கல்யாணத்தன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தாரு. கொழுந்தை வாட்டறதுல இருந்து, அரைச்சுக் காய வச்சு சலிச்சு மூட்டை புடிக்கற வரைக்கும் என் பொறுப்பு.

தேயிலை வெலை படுத்துக் கெடந்த சமயம் அது. பறிக்கிற கூலிக்கே கட்டலைன்னு பாதிப் பேரு தோட்டத்தை அப்படியே விட்டுட்டாங்க. எங்க குடோன்லயோ மூட்டை மேல மூட்டை. முதலாளி போஜண்ணன் நல்ல மனுசன், அதட்டிக்கூடப் பேச மாட்டாரு. அவரே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு.

"தம்பி, இந்தச் சரக்கு போகலைன்னா திங்கக்கெழமை பேக்டரியப் பூட்டறதுதான். எனக்கு வேற வழி தெரியல."

பூட்டினா என் சம்பளம் போகும். அதுகூடப் பரவால்ல. சலிக்கிற ரூம்ல வேலை செய்யற பொம்பளைங்களுக்கு அன்னாடக் கூலி போயிரும். அதை அவங்ககிட்டச் சொல்ற வேலையும் என் தலையிலதான் விழும். 

அப்படிப்பட்ட நாள்ல மூஞ்சியாவது பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை. அந்த ஆசைதான் என்னைக் கவுத்துச்சு.

என் மச்சினன் ஆண்டனி கப்பல்ல சமையக்காரன். லீவுக்கு வந்தப்ப பச்சைக் கலர்ல ஒரு டப்பா குடுத்தான்.

"மாமா, இத்தாலி ஷேவிங் கிரீம். அங்க பெரிய மனுசங்க எல்லாம் இதைத்தான் போடுவாங்க"ன்னான். வெலையும் சொன்னான். நான் வாயடைச்சுப் போய் நின்னேன். காதுல விழலையாக்கும்னு நினைச்சு இன்னொரு வாட்டி சொன்னான்.

அந்த வெலையக் கேட்டதுல இருந்து டப்பாவை அலமாரியிலதான் வச்சிருந்தேன். தொடவே பயம். அன்னைக்குத்தான் திறந்தேன்.

ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்துத் தேச்சா, நுரை வருது வருது, வந்துக்கிட்டே இருக்கு. கண்ணாடியில பாத்தா மூக்கு மட்டும்தான் நான். பிளேடு பட்டதே தெரியல, வழுக்கிட்டுப் போகுது. அதுல நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனா தண்ணி ஊத்திக் கழுவினேன் பாருங்க, கன்னம் ரெண்டும் ஐஸ் கட்டி. அப்புறம்தான் யோசிச்சேன், அது வெயில் காயற ஊர்க்காரங்க குளிர்ச்சிக்குச் செஞ்ச சாமான். நான் நிக்கிறது மார்கழி மாசத்து அருவங்காட்டுக் குளிர்ல. கண்ணுல தண்ணி கொட்டுது, பல்லு கிடுகிடுங்குது.

சமையக்கட்டுல இருந்து என் ஊட்டுக்காரம்மா கிரேசி எட்டிப் பாத்தா.

"ஏனுங்க, யாருக்குங்க சளி?"

"யாருக்கும் இல்ல. ஏன்?"

"ஊடெல்லாம் தைல வாசம் அடிக்குதே."

மோந்து பாத்தேன். அட, ஆமா. நம்ம நீலகிரித் தைலம். ஊட்டி பஸ் ஸ்டாண்டுல சீசனுக்கு வர்றவங்க பாட்டில் பாட்டிலா வாங்கிட்டுப் போற அதே வாசம். எங்க ஊட்டுக்குப் பின்னாடி நிக்கிற கற்பூர மரத்து எலையக் கசக்கினா வர்ற அதே வாசம். அதுக்குத்தான் எங்க ஆண்டனி அவ்வளவு காசைக் கொட்டி இத்தாலியில வாங்கி, கப்பல்ல ஏத்தி, திருப்பி நீலகிரிக்கே கொண்டு வந்திருக்கான்.

கிரேசிக்கு அது தம்பி வாங்கிட்டு வந்ததாச்சே. ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிட்டா.

நானும் விட்டுட்டேன். மலையில யார் மேலதான் தைல வாசம் இல்ல? பேக்டரியில இருக்கற கிளார்க்குகிட்டக் காட்டிப் பீத்திக்கலாம்னு டப்பாவைப் பையில வேற போட்டுக்கிட்டேன்.

பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகந்து உக்காந்தாரு.

"ஏனுங்க, நெஞ்சுச் சளிங்களா?"

"இல்லீங்க, ஷேவிங் பண்ணினேன்."

"ஷேவிங் பண்ணினா சளி புடிக்குங்களா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள பின் சீட்டுல ஒரு அம்மா, மிளகும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுச்சு. இன்னொருத்தர் ராத்திரி தலைக்கு மப்ளர் கட்டாம வெளிய போனீங்களான்னு விசாரிச்சாரு. கண்டக்டர் தன் பங்குக்கு, "ஜன்னலச் சாத்துங்க, ஒருத்தருக்கு ஒடம்புக்கு முடியல"ன்னு சத்தம் போட்டாரு. எல்லாரும் சாத்தினாங்க. பஸ்ஸுக்குள்ள நானும் என் வாசமும் நல்லாச் சுத்தி வந்தோம்.

குன்னூர்ல இறங்கறப்ப எனக்கே லேசா இருமல் வந்துச்சு.

இங்க ஒரு விசயம் சொல்லணும். டீத்தூளுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்துல என்ன வாசம் இருந்தாலும் உள்ள இழுத்துக்கும். அதனால எந்தப் பேக்டரியிலயும் பூ, பவுடர், சென்ட், ஊதுபத்தி எதுவும் உள்ள வரக் கூடாது. எங்க பேக்டரியில அதைக் கவனிக்கிற ஆள் யாருங்கறீங்க? நான்தான். தினமும் கேட்டுல நின்னு, வர்றவங்க தலையில மல்லிப்பூ இருந்தா எடுத்துக் கம்பியில மாட்டச் சொல்லுவேன். கல்யாண நாளுன்னு சொன்னாலும் விட மாட்டேன். அவ்வளவு கண்டிப்பு.

அன்னைக்கும் போய் நின்னேன். மொதல்ல வந்தது ராஜேஸ்வரி அக்கா. சிலோன் தோட்டத்துல பொறந்து, சின்னப் புள்ளையில கப்பலேறி இங்க வந்தவங்க. சலிக்கிற ரூம்ல அவங்க வச்சதுதான் சட்டம். தலையில ஒரு முழம் பூ.

"பூவ எடுங்கக்கா. சரக்கு வாங்கறவர் வர்ற நாளு, வாசம் ஆகாது"ன்னேன்.

அவங்க பூவ எடுத்துக் கம்பியில மாட்டினாங்க. மூக்கை ரெண்டு தரம் உறிஞ்சினாங்க.

"நான் பூவக் கழட்டிட்டேங்க ஐயா. நீங்க எதக் கழட்டப் போறீங்க?"

பின்னாடி நின்ன பொம்பளைங்க எல்லாம் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. பைப்படிக்கு ஓடினேன். கழுவக் கழுவக் கன்னம் ஜில்லாகுதே ஒழிய வாசம் போகல. ராஜேஸ்வரி அக்கா, "கொழுந்தக் கசக்கித் தேச்சிப் பாருங்க"ன்னாங்க. தேச்சேன். வாசம் போகல. கன்னம் பழுப்பாச்சு. இப்ப மூஞ்சியும் பளிச்சுன்னு இல்ல.

அதுக்குள்ள ஜீப் வந்துருச்சு.

வாங்க வந்தவர் பேரு நடராஜன். ஒல்லியா, சிரிக்காத ஆள். கோயமுத்தூர்ல பெரிய யாவாரிங்களுக்காக டீ ருசி பாக்கறவரு. அவரு தலையாட்டினா லாரி வரும். இல்லைன்னா வராது.

வரிசையா கப் போட்டு வச்சேன். ஒவ்வொரு கப்பா நான் எடுத்து நீட்டணும், அவரு 'சர்ர்ர்'னு உறிஞ்சி, நாக்குல உருட்டித் துப்புவாரு. துப்பறதுக்கு டப்பாவையும் நான்தான் புடிக்கணும். அவரு மூக்குக்கும் என் கன்னத்துக்கும் ஒரு சாண்கூட இல்ல. மூச்சை நான் அடக்கி என்ன பிரயோஜனம்? அவருல்ல அடக்கணும்!

மொத கப்பு. புருவத்தைச் சுளிச்சாரு.

ரெண்டாவது கப்பு. என்னைப் பாத்தாரு.

மூணாவது கப்பு உறிஞ்சிட்டுக் கீழ வச்சாரு. "எல்லாத்துலயும் தைல வாசம் அடிக்குதுங்க. குடோன்ல தைலம் ஏதாச்சும் கொட்டிருச்சா?"

போஜண்ணன் மூஞ்சி செத்துப் போச்சு. "இல்லீங்க சார், அப்படி எதுவும்..."

"பூரா சரக்குலயும் ஏறியிருக்கு. இத யாரு வாங்குவா? வேண்டாம் விடுங்க." எந்திரிச்சுட்டாரு.

கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சலிக்கிற ரூமே நிக்குது. யார் மூஞ்சியிலயும் இப்பச் சிரிப்பு இல்ல. எனக்கு அழுகையே வந்துரும் போல இருந்துச்சு. மானமாவது மரியாதையாவதுன்னு வாயைத் திறந்துட்டேன்.

"சார், வாசம் டீயில இல்லீங்க. என் கன்னத்துல."

கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இத்தாலி ஷேவிங் கிரீமுங்க. மச்சினன் குடுத்தது."

போஜண்ணன் என்னைப் பாத்த பார்வையை இப்ப எழுத முடியாது. நடராஜன் சார் நம்பல. சரக்கத் தள்ளறதுக்கு நான் கதை விடறேன்னு நினைச்சுட்டாரு.

"கிட்ட வாங்க"ன்னாரு.

போனேன்.

"குனிங்க."

குனிஞ்சேன். தூளை மோந்து பாக்கற அதே மாதிரி, கண்ணை மூடிக்கிட்டு, இடது கன்னத்தை நிதானமா மோந்தாரு. அப்புறம் வலது கன்னம். கல்யாணம் ஆனதுல இருந்து கிரேசிகூட என் கன்னத்துக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கினதில்ல.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ராஜேஸ்வரி அக்கா தெளிவாவே சொன்னாங்க, "நம்ம பூவுக்கு இவ்வளவு மரியாத கெடைக்கலியே."

"கற்பூர மரம். மெந்தால். அடியில லேசா பாதாம்"ன்னாரு நடராஜன் சார். "சரி, இவரை வெளிய அனுப்புங்க. புதுசா கப் போடுங்க."

நான் வெளிய போய் மல்லிப்பூ கம்பிக்குப் பக்கத்துல நின்னேன். போஜண்ணனே கப் போட்டாரு. அவசரத்துல சாஸர் எல்லாம் டீ. ஜன்னல் வழியா நான் பாத்துக்கிட்டே இருந்தேன். கும்பிடாத சாமி இல்ல.

உறிஞ்சினாரு. துப்பினாரு. எல்லா கப்பையும் முடிச்சாரு.

"வாசம் போயிருச்சுங்களா சார்?"ன்னு போஜண்ணன் கேட்டாரு.

"போயிருச்சு. கூடவே ருசியும் போயிருச்சு. உள்ளதச் சொன்னா, முன்னாடி போட்டதே கொஞ்சம் தேவல."

அந்த டீயைச் செஞ்சவன் நான். கம்பியில தொங்கற பூவோட பூவா நின்னு அதைக் கேட்டுக்கிட்டேன்.

அப்புறம் வெலை பேசினாங்க. பேசினாங்கன்னா நடராஜன் சார்தான் பேசினாரு. கலர் இல்லைன்னு ஒரு வெட்டு, தூசி சாஸ்தின்னு ஒரு வெட்டு, மார்க்கெட் சரியில்லைன்னு ஒரு வெட்டு. போஜண்ணன் எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. சரக்கு போச்சு. அடி மாட்டு வெலைதான், ஆனாலும் போச்சு. திங்கக்கெழமை பூட்ட வேண்டியதில்ல. பொம்பளைங்க சலிக்கிற ரூமுக்குத் திரும்பிப் போறதைப் பாத்தப்ப எனக்கு நெஞ்சு லேசாச்சு.

நடராஜன் சார் ஜீப்புல ஏறப் போனவரு, திரும்பி என்கிட்ட வந்தாரு. திட்டப் போறாருன்னு நினைச்சு ரெண்டு அடி பின்னால போனேன்.

"அந்தக் கிரீம் வச்சிருக்கீங்களா?"

பையில இருந்து எடுத்துக் குடுத்தேன். மூடியத் திறந்து மோந்தாரு. அப்பத்தான் அவரு மூஞ்சியில சிரிப்புன்னு ஒண்ணைப் பாத்தேன்.

"இந்தத் தொழிலுக்கு வந்ததுல இருந்து நான் வாசம் இல்லாத சோப்புதானுங்க. பவுடர்கூடப் போட்டதில்ல. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேன். இத எனக்குக் குடுப்பீங்களா? என்ன வெலைன்னு சொல்லுங்க."

ஆண்டனி சொன்ன வெலையக் கூச்சத்தோட சொன்னேன். அவருக்கும் ரெண்டு வாட்டி சொல்லணுமோன்னு பாத்தேன். தேவைப்படல. பர்ஸ எடுத்து எண்ணி என் கையில வச்சுட்டு, டப்பாவைச் சட்டைப் பாக்கெட்டுல பத்திரமா வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

போஜண்ணன் அதைப் பாத்துக்கிட்டே நின்னாரு. பாவம்.

தம்பி, தகுமான்னுதானே கேட்டீங்க? அந்த வருசம் எங்க பேக்டரி கேட்டைத் தாண்டி, சொன்ன வெலைக்கே போன சரக்கு அந்த டப்பா ஒண்ணுதான்.