துமியும் இன்னொண்ணும்

"துமி நல்லா எடை போட்டிருக்கா. சரி, இன்னொண்ணு எங்கம்மா?"

தராசைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்த நர்ஸ் இப்படித்தான் கேட்டாள். பாவம், அவள் மனதில் ஒன்றும் இல்லை. ஆனால் கீழ்வாசலில் நின்ற மூத்தவளுக்குக் காதோரம் ஜிவ்வென்று ஏறியது.

ஒரே வீடு. அண்ணனைக் கட்டிக்கொண்ட மூத்தவள் கீழே, தம்பியைக் கட்டிக்கொண்ட இளையவள் மாடியில். இருவருக்கும் அடுத்தடுத்துப் பெண் குழந்தை. இளையவள் முந்திக்கொண்டாள். பெற்றதில் மட்டுமா, பேர் வைத்ததிலும்தான். துமி! தெறிக்கிற பொடி நீர்த்துளி என்று அர்த்தமாம். பால்காரர் முதல் எதிர்வீட்டு அம்மாள் வரை, "அடடா, குட்டியா, புதுசா, வாய்க்கு இதமா இருக்கே!" என்று உருகினார்கள். இன்னும் பேர் வைக்காத கீழ்வீட்டுக் குழந்தை எல்லோர் வாயிலும் 'இன்னொண்ணு' ஆகிவிட்டது.

பெற்ற வயிறு எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

"என்னங்க, அவ ரெண்டெழுத்துல வச்சான்னா நான் ஒரே எழுத்துல வைப்பேன்."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பித்தானைப் போட்டபடி, "வை. அடுத்தது பெத்து அவ வெறும் புள்ளி மட்டும் வச்சான்னா என்ன பண்ணுவே?" என்றான்.

"நக்கல் வேண்டாம். பேரு 'தா'. கேக்கவே எவ்வளவு நல்லாருக்கு!"

"ஆமா, கேக்குற மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நழுவினான்.

அவள் தொட்டிலருகே குனிந்து, "தா! என் கண்ணு தா!" என்று கொஞ்சினாள். முதுகுக்குப் பின்னால் தலைவாரிக்கொண்டிருந்த மாமியார் கையிலிருந்த சீப்பை நீட்டினார். அவள் தொட்டிலைப் பார்த்தபடியே, "தா, தங்கம் தா!" என்றாள். மாமியார் ஒரு முறை முறைத்துவிட்டு, காதுத் தோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இது ஒண்ணுதாண்டி மிச்சம். இதையும் கழட்டித் தரணுமா?"

'தா' அன்று மத்தியானமே காலி. வாங்குகிற பேர் வேண்டாம், வரவேற்கிற பேராக இருக்கட்டும் என்று 'வா' என்று மாற்றினாள். குழந்தைக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ, வீல் வீலென்று கத்த ஆரம்பித்தது. கணவனுக்குப் போன் போட்டாள்.

"வா அழறா! வா நிறுத்தவே மாட்டேங்கறா!"

கல்யாணமான நாளிலிருந்து 'வாங்க' என்று கூப்பிட்டவள் இப்போது 'ங்க' சேர்க்கக்கூட நேரமில்லாமல் கூப்பிடுகிறாள் என்றால் வீட்டில் என்ன விபரீதமோ! அவன் போட்டது போட்டபடி ஓடிவந்தான்.

"என்னாச்சு? என்னாச்சு?"

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நீதானே வான்னே!"

"அது நம்ம பொண்ணு பேரு!"

அவன் அப்படியே படியில் உட்கார்ந்தான். "அடிப்பாவி, ஒரு வக்கீலை ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்க விட்டுட்டு வந்திருக்கேண்டி!"

வக்கீல் போட்ட சத்தத்தில், "கொஞ்ச நாள் வீட்டிலேயே இரு" என்று முதலாளி சொல்லிவிட்டார். அவனும் இருந்தான். அதற்குள் பேர் 'நீ' ஆகியிருந்தது.

"கடவுளையே நாம 'நீ'ன்னுதானே கூப்பிடறோம்? இதைவிட உசத்தியா பேர் உண்டா?" என்றாள்.

அவன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் திறந்தபோது வாய் நிறையப் பற்பசை நுரை இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் குழந்தை பார்க்க வந்து, மாமியாரோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். குழந்தையைத் தூக்கிப் பார்த்த அவன் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தான்.

"அம்மா, நீ மறுபடியும் படுக்கைய நனைச்சுட்டா! மாத்துத்துணி எங்க?"

நுரையில் அந்த 'டா' 'டே'யாக ஒலித்ததோ என்னவோ, எதிர்வீட்டு அம்மாள் சட்டென்று சோபாவிலிருந்து எழுந்து, உட்கார்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

மாமியார் தலையணையையும் மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டார். "எனக்குத் துமி போதும்" என்பது மட்டும் படிக்கட்டிலிருந்து கேட்டது.

பேர் போச்சு, வேலை போச்சு, இப்போது மாமியாரும் அந்தப் பக்கம். பேரில்லாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூத்தவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

மாடியில் இளையவள் குழந்தைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்தன் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா, உக்காருங்க" என்றாள் இளையவள்.

"உக்கார வரல. என் பொண்ணு 'இன்னொண்ணா' நிக்கணும்னுதானே தேடிப்பிடிச்சு இப்படி ஒரு பேர வச்சே? நான் ஒரு பேர் வைக்கப் போனா ஊரே சிரிக்குது. உன்னதுக்கு மட்டும் எல்லாரும் உருகறாங்க. மாத்து! அந்தப் பேர இன்னிக்கே மாத்து!"

இளையவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வேற எது கேட்டாலும் தரேன்க்கா. இந்தப் பேர மட்டும் மாத்தச் சொல்லாதீங்க."

"அப்படி என்ன கிடைக்காத பேரு? யார்கிட்டேர்ந்து பொறுக்கினே? சொல்லு!"

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கொழுந்தன்தான் சொன்னான்:

"உங்ககிட்டேர்ந்துதான் அண்ணி, உங்க பேரோட முதலெழுத்து 'து', கடைசியெழுத்து 'மி', முழுப் பேரையும் வச்சா பாப்பாவ அதட்டறப்போ உங்களையே அதட்டற மாதிரி இருக்கும்னு இவதான் சுருக்கிட்டா."